ஷாலினுக்கு வந்த அட்டை

திசையன்விளை,
3.1.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஷாலினுக்கு,

அக்கா ரோஸியின் புது வருட ஸ்தோத்திரங்கள். இங்கே நானும் அத்தானும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்ததுபோல் முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாரி தம்பியும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்கு வாந்தி நின்றதா?

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடுதாசி என்று உன் வீட்டுக்காரர் மாரி சிரிப்பார். சிரிக்கட்டும். இந்த வீட்டில் போன் அடித்தால் உன் அத்தான் ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தில் வைத்துவிடுவார். உனக்கு இது மூன்றாம் மாதம் என்பது மீன்காரி வரைக்கும் தெரிந்துவிட்டது. அக்கா தங்கை பேச்சுக்கு இனி தபால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். புது வருட ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்தார்கள். யார் எதை எடுக்கிறார்களோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவர்களுக்குக் கொடுக்கும் வசனம். சின்ன வயதில் நல்ல அட்டை வர வேண்டும் என்று நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கை நீட்டுவாயே! ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டு ஆட்கள் எடுக்கலாம். நீ ஒன்றாம் தேதியும் கம்பெனியில் நின்றுகொண்டிருந்தாய். அதனால் உனக்கும் சேர்த்து நானே எடுத்தேன்.

உள்ளே வைத்திருக்கிறேன், பார். பிரசவம் வரைக்கும் கொண்டுவந்தவர் பிறக்கும் நேரத்தில் வாசலை அடைத்துவிடுவாரா என்று ஆண்டவரே கேட்கிற வசனம். இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இது உனக்குத்தான் ஷாலின், வேறு யாருக்கும் பொருந்தாது. பத்திரமாக வைத்துக்கொள்.

எனக்கு வந்தது ஏதோ ஒன்று. அதை விடு.

நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே.

முனகுகிற முழங்காலை மடக்கி உனக்காக ஜெபிக்கும்
ரோஸி அக்கா


வடக்குப்பட்டு,
15.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதமும் அட்டையும் கிடைத்தன. நாங்கள் நலம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசிதான் ஆளைத் தின்கிறது. அத்தானுக்கும் முழங்காலுக்கும் என் விசாரிப்பு.

அட்டையைப் படித்துவிட்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் வீட்டுக்கார அம்மா செங்கமலம் ஓடி வந்து, "இன்னாம்மா, ஊர்ல யாருக்குனா இன்னாச்சி?" என்று பதறினாள். ஒன்றுமில்லை, சாமி எனக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறது என்றேன். "அதுக்கு சிரிக்காம எதுக்கு அழுதுகினு கீற?" என்று திட்டிவிட்டுப் போனாள்.

பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். ஷிஃப்டுக்குப் போக யூனிஃபார்ம் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டு சர்க்யூட் போர்டில் பொடிப்பொடித் திருகு போடுகிற வேலை என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு திருகுக்கும் அந்த வசனத்தை ஒரு தடவை சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பக்கத்தில் நிற்கும் ஃபாத்திமா, "அக்கா, வாய் அசையுது, சத்தம் வரல, என்னையத் திட்டறியா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு இருபத்துமூன்று வயதுதான், ஆனால் பெரிய மனுஷி மாதிரி, குனிந்து எடுக்கிற வேலையையெல்லாம் அவளே செய்கிறாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் அக்கா. போன இரண்டு தடவையும் ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். கோயிலுக்குப் போவேன், பாடுவேன், உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த அட்டை வந்த பிறகுதான் என் பேர் அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று நம்புகிறேன். எடுத்துக் கொடுத்த உன் கைக்கு ஒரு முத்தம்.

உனக்கு என்ன வசனம் வந்தது? மறக்காமல் எழுது.

உன் அன்புத் தங்கை
ஷாலின்


திசையன்விளை,
30.1.2024

பிரியமான ஷாலினுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகம். நீ எழுதியதைப் படித்து எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கருப்பட்டி இரண்டு கிலோ பார்சலில் அனுப்புகிறேன். டீக்கு அதையே போடு.

திருகுக்கு ஒரு தடவை என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே, வேலையில் கவனம் பிசகும். அட்டை பாட்டுக்கு அட்டை இருக்கட்டும், நீ மாதாமாதம் டாக்டரிடம் காட்டுவதை விட்டுவிடாதே. நல்ல டாக்டராகப் பார்.

அத்தான் கூப்பிடுகிறார். மற்றவை பிறகு.

ரோஸி அக்கா


வடக்குப்பட்டு,
11.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். கருப்பட்டி வந்தது. பாதி செங்கமலம் அம்மாவுக்குப் போய்விட்டது.

நீ சொன்னபடியே நல்ல டாக்டராகப் பார்த்துப் போனேன். படப்பைப் பக்கம் ஒரு லேடி டாக்டர். ஸ்கேன் பார்த்துவிட்டு, "உங்க கர்ப்பப்பை வாய் ரொம்ப வீக்கா இருக்கும்மா. போன ரெண்டும் அதனாலதான் போயிருக்கணும். இந்த வாரமே ஒரு தையல் போட்டுட்டு, பிரசவம் வரைக்கும் ரெஸ்ட்ல இருக்கணும்" என்றார். மாரி உடனே, "போட்டுருவோம் டாக்டர்" என்றார். நான்தான் யோசித்துச் சொல்கிறோம் என்று அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் ஜெபித்தேன். ஒரகடத்தில் ஹார்டுவேர் கடை மாடியில் நாங்கள் கூடுகிற சபைக்குப் போய் பாஸ்டர் வசந்தகுமாரிடமும் கேட்டேன். "சிஸ்டர், டாக்டர் ரிப்போர்ட்ட நம்பப் போறீங்களா, கர்த்தர் குடுத்த ரிப்போர்ட்ட நம்பப் போறீங்களா?" என்றார். அத்தோடு என் மனது தெளிந்துவிட்டது. வாசலை அடைக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நான் ஒரு தையல் போட்டால், அவர் வார்த்தையை நம்பாமல் பூட்டுப் போட்ட மாதிரி ஆகாதா?

தையல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாரிக்கு வருத்தம்தான். "ஒன் சாமி விஷயத்துல நேத்து வந்த நான் என்னத்தப் பேச" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், பாவம். அவருக்கு இதெல்லாம் இனிமேல்தான் புரியும்.

உனக்கு வந்த வசனத்தை நீ இன்னும் எழுதவே இல்லையே?

ஷாலின்


திசையன்விளை,
17.2.2024

ஷாலினுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சோறு இறங்கவில்லை.

ஏட்டி, சொன்னால் கேள். நாளைக்கே போய் அந்தத் தையலைப் போட்டுக்கொள். டாக்டரையும் ஆண்டவர்தானே உண்டாக்கினார்? பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறோம், கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், அதெல்லாம் அவிசுவாசமா? வசனம் வசனமாக இருக்கட்டும், தையல் தையலாக இருக்கட்டும். அந்தப் பாஸ்டர் பிள்ளை பெறப் போவதில்லை, நீதான் பெறப் போகிறாய்.

அட்டையை அப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதே. அட்டை என்பது மனிதர்கள் எடுத்துக் கொடுப்பதுதானே. அதில் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கட்டினால் எப்படி?

அக்கா உன் காலில் விழுந்து கேட்கிறதாக நினைத்துக்கொள். தையல் போட்டுவிட்டு எழுது.

ரோஸி


வடக்குப்பட்டு,
24.2.2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

உன் கடிதம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது உனக்குத்தான், வேறு யாருக்கும் பொருந்தாது" என்று எழுதியது யார்? நீயே தூக்கிக் கொடுத்துவிட்டு இப்போது நீயே கெட்டியாகப் பிடிக்காதே என்கிறாய். அப்பா கோயில் உபதேசியாராக இருந்த வீட்டில் வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது?

கல்யாணமான இந்த ஏழு வருடத்தில் முதல்முறையாக நான் பயப்படாமல் தூங்குகிறேன் அக்கா. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, வாக்குக் கொடுத்தவர் உண்மையுள்ளவர் என்று சொல்லிக்கொண்டு தூங்குகிறேன். அதை என்னிடமிருந்து பிடுங்காதே.

நேராகவே கேட்கிறேன். அந்த அட்டை எனக்கென்று வந்ததா, இல்லையா? வந்தது என்றால் இனித் தையல் பேச்சை எடுக்காதே. வரவில்லை என்றால் சொல், நாளைக்கே போய்ப் போட்டுக்கொள்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஷாலின்


திசையன்விளை,
14.3.2024

பிரியமான ஷாலினுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதப் பிந்திவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே அடுக்களை ஓடு மாற்றுகிற வேலை. ஆட்கள் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. வீடு முழுக்கத் தூசி. அத்தானுக்கு இருமல். மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தும் பொறுப்பை இந்த வருடமும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டு ஜெனிஸுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை தூத்துக்குடி.

உனக்கு ஐந்தாம் மாதம் ஆகிவிட்டது, இல்லையா? வயிறு தெரிகிறதா?

நீ கேட்டதை நேரில் பேசிக்கொள்ளலாம். ஈஸ்டர் கழிந்ததும் நான் அங்கே வருகிறேன். அதுவரைக்கும் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள்.

ரோஸி அக்கா


வடக்குப்பட்டு,
6.4.2024

ரோஸி அக்காவுக்கு,

மாரி போனில் சொன்னார், உனக்குத் தெரியும். நீ அழுதாயாம். அத்தான் ஸ்பீக்கரில் போட்டிருப்பார், மீன்காரியும் கேட்டிருப்பாள். மறுநாளே புறப்பட்டு வருவதாகச் சொன்னாய். அப்புறம் உனக்குக் காய்ச்சல் என்று அத்தான் சொன்னார். இப்போது காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நடந்ததை நானே எழுதுகிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, காலை ஷிஃப்ட். லைனில் நின்றபோதே பனிக்குடம் உடைந்தது. கால் வழியாக ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியது. லைன் லீடர் என்னைப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் இரும்மா, ஒன் எடத்துக்கு ரிலீவர் வரட்டும்" என்றான். ஃபாத்திமா எட்டிச் சிவப்புப் பட்டனை அடித்து லைனையே நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கம்பெனி ஆம்புலன்ஸில் அவளும் ஏறிக்கொண்டாள். மாரி நைட் ஷிஃப்ட் முடித்து போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர மாலை ஆகிவிட்டது.

பதினோரு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் வலி. நான் வார்டு கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யாராவது வந்து, நின்றுவிட்டது, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வாக்கு இருக்கிறதே! உடைந்தது உடைந்ததுதான் என்று நர்ஸ் சொன்னபோதுகூட அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஃபாத்திமா நோன்பில் இருந்தாள். அவள் கையை நான் விடவில்லை. நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஒரு கையை என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து ஒரு மிடறு குடித்தாள். அவ்வளவுதான் அவளுக்கு அன்றைக்கு.

பெண் பிள்ளை. இரண்டு உள்ளங்கையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடும்.

பாஸ்டர் வசந்தகுமார் ஐந்தாம் நாள் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். "சிஸ்டர், வாக்கு பொய்யாகாது. எங்கயோ ஒரு சின்ன அவிசுவாசம் உள்ள நுழைஞ்சிருக்கு, ஆராய்ஞ்சு பாருங்க" என்றார். நான் ஆராய்ந்து பார்த்தேன் அக்கா. திருகுக்கு ஒரு தடவை சொன்னேன். தையலே வேண்டாம் என்றேன். இதற்கு மேல் விசுவாசம் எந்தக் கடையில் கிடைக்கும்? செங்கமலம் அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "யோவ், புள்ள போன வூட்ல வந்து இன்னா பேசிகினு கீற? எய்ந்து போ" என்று விரட்டிவிட்டாள். அன்றைக்கு எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

பெரிய வெள்ளிக்கும் போகவில்லை, ஈஸ்டருக்கும் போகவில்லை. ஜெபம் நின்றுவிட்டது. வாய் திறந்தால் ஒரே ஒரு கேள்விதான் வருகிறது. தர மனமில்லை என்றால் ஏன் வாக்குக் கொடுத்தார்? நான் கேட்டேனா? சும்மா இருந்திருந்தால் இந்தத் தடவையும் பிள்ளை மட்டும் போயிருக்கும். வாக்குக் கொடுத்து ஆசை காட்டிவிட்டுக் கையை விட்டதால் அவரும் சேர்ந்து போய்விட்டார். அன்பாக இருக்கிறவர் என்று பாடுகிறார்களே, தெருவில் போகிறவன்கூட ஒரு பிள்ளையிடம் மிட்டாயைக் காட்டிவிட்டு இப்படிப் பிடுங்க மாட்டான்.

அட்டை இன்னும் பீரோ கதவில்தான் இருக்கிறது. கிழித்துப் போடக்கூட எனக்குக் கை வரவில்லை.

உன் சுகத்தைக் கேட்க மறந்துவிட்டேன். இருக்கட்டும்.

ஷாலின்


திசையன்விளை,
9.6.2024

என் ஷாலினுக்கு,

ஸ்தோத்திரம் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அந்த வார்த்தையை உனக்கு எழுதுகிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. நீ எழுந்து நடமாடுகிறாயா? சாப்பிடுகிறாயா?

இரண்டு மாதமாக எழுதாமல் இருந்தேன். உன் கடிதம் தலையணை உறைக்குள் இருக்கிறது. அதில் நீ ஆண்டவரைக் கேட்டிருக்கிற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான்தான் சொல்ல வேண்டும். படித்து முடிக்கும் வரைக்கும் கிழிக்காதே.

அந்த வசனம் உனக்கு வரவில்லை ஷாலின். அது எனக்கு வந்தது.

தட்டிலிருந்து முதலில் உன் பேரைச் சொல்லி ஒன்று எடுத்தேன். அப்புறம் எனக்கு ஒன்று. திருப்பிப் பார்த்தால், வெள்ளத்தில் நீ இறங்கினாலும் உன் கூடவே நான் இருப்பேன், தீயில் நடந்தாலும் கூட இருப்பேன் என்று சொல்கிற வசனம் உனக்கு வந்திருந்தது. பிள்ளைப்பேற்று வசனம் எனக்கு. எனக்கு நாற்பத்தெட்டு வயது. கர்ப்பப்பையையே எடுத்துப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. ஆண்டவருக்குக் கை மாறிவிட்டது போல என்று எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அட்டையைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளம், தீ. இரண்டு பிள்ளைகளை இழந்து மூன்றாவதைச் சுமக்கிறவளுக்கு இதையா அனுப்புவது என்று அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன். பீடத்திலிருந்து பெண்கள் பெஞ்சுக்கு வருவதற்குள் மாற்றிவிட்டேன். பத்து அடி தூரம் இருக்காது.

உன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தால் வெள்ளம் உன் பக்கம் வராது என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அந்த அட்டையை நம்பித் தையலை வேண்டாம் என்று நீ எழுதியபோது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா, இல்லையா என்று நேராகவே கேட்டாய். "வரவில்லை" என்று ஒரு கடிதம் எழுதினேன். தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். நீ பயப்படாமல் தூங்குகிறேன் என்று எழுதியிருந்ததே, அதைக் கெடுக்கிறோமே என்று ஒரு பக்கம். அக்கா பொய்க்காரி என்று தெரிந்துவிடுமே என்று இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். கிழித்துப் போட்டுவிட்டு ஓடு மாற்றுகிற கதையை எழுதினேன்.

காய்ச்சலும் பொய். பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உன் பீரோ கதவை எப்படிப் பார்ப்பது என்று நினைத்ததும் இறங்கிவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? நீ என்னை மன்னிப்பதற்காக இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உன்னிடம் நான் நல்ல அக்காவாக இருந்துவிடலாம். ஆனால் காலத்துக்கும் அவர் பொய்யராக இருப்பார். அது தாங்கவில்லை. வெள்ளம் வராது என்று அவர் உனக்குச் சொல்லவே இல்லை. வரும், கூட இருக்கிறேன் என்றுதான் சொன்னார். அதை உனக்குக் கொடுக்காமல் என் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டது நான். நீ திட்ட வேண்டிய ஆள் நான்தான்.

உன் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து மாதம் பிந்தி வருகிறது.

ரோஸி


வடக்குப்பட்டு,
30.6.2024

ரோஸி அக்காவுக்கு,

கிடைத்தது. நடமாடுகிறேன், சாப்பிடுகிறேன். மே மாதத்திலிருந்து வேலைக்கும் போகிறேன். சிவப்புப் பட்டனை அடித்ததற்காக ஃபாத்திமாவை வேறு லைனில் போட்டுவிட்டார்கள். கேன்டீனில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். நீ கிழித்த மாதிரி நானும் கிழித்துவிட்டேன். ஆனால் அதிலிருந்த ஒன்றை இதில் எழுதாமல் விட முடியாது. "வரவில்லை" என்ற ஒரு வார்த்தை. ஓடு எழுதினாய், இருமல் எழுதினாய், ஜெனிஸுக்கு மாப்பிள்ளை தூத்துக்குடி என்று எழுதினாய். அந்த ஒரு வார்த்தைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. நான் கேட்டதற்கும் பனிக்குடம் உடைந்ததற்கும் நடுவில் இருபத்தேழு நாள். எண்ணிப் பார்த்தேன்.

டாக்டரிடம் போய்க் கேட்டேன், தையல் போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று. "வாய்ப்பு இருந்துச்சும்மா" என்றார். சாகிற வரைக்கும் அந்த வாய்ப்பை நான் வயிற்றில் சுமக்க வேண்டும்.

எல்லாவற்றையும் நீயே எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே, அதற்கும் உனக்கு ஆசை இருக்கும். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் படுத்தால் கான்ட்ராக்ட் வேலை போய்விடும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அதை விசுவாசம் என்று பேர் மாற்றி வைத்துக்கொண்டேன். நீ அட்டையை மாற்றினாய், நான் பேரை மாற்றினேன்.

மாரியிடம் சொன்னேன். உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். அப்புறம், "அக்காவுக்கு ஒரு மாசம் டைம் இருந்துச்சே" என்றார். அதற்குப் பிறகு உன் பேரை அவர் எடுப்பதில்லை. போன் பண்ணாதே, எடுக்க மாட்டார்.

கேன்டீனில் ஃபாத்திமாவிடமும் சொன்னேன். அவள் சோற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "யாருக்கு எது குடுக்கணும்னு மேல இருக்கறவருக்குத் தெரியாதாக்கா? ஒங்க அக்கா ஏன் நடுவுல கைய வெச்சாங்க?" என்றாள். "பாசம்" என்றேன். என்மேல் வைத்த பாசத்தில் உனக்கு அவரை நம்பத் தெரியவில்லை அக்கா. அவருக்கு என்மேல் உன்னைவிடக் கம்மியாகத்தான் பாசம் இருக்கும் என்று நினைத்துவிட்டாய். நானும் அவரைத் திட்டிய நாட்களில் அதையேதான் நினைத்தேன். நம் இரண்டு பேருக்கும் அவரைத் தெரிந்தது அவ்வளவுதான்.

உன் அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பீரோவிலிருந்து பிரிக்கும்போது ஒரு மூலை கிழிந்துவிட்டது. என்னுடையதைக் கம்பெனி ஐடி கார்டு உறையில், என் போட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை வாய்க்குள் சொல்வதில்லை. ஜெபம் பண்ணுகிறாயா என்று கேட்காதே. அவரைப் பொய்யர் என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறேன். இன்றைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், ஆனால் அது இன்னொரு மாற்றின அட்டையாகிவிடும். வருகிற புது வருடத்துக்கு எனக்கு எடுக்காதே. லீவு போட்டு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன். எது வந்தாலும் எனக்கு வந்ததாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏழரை மணி நேரம் நான் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், அவர் வருவார் என்று. அவர் வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் அட்டையை நீ எனக்கே கொடுத்திருந்தால் கதவைப் பார்த்திருக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்திருப்பேன்.

அத்தானுக்கு இருமல் விட்டதா?

ஷாலின்